கயிறு லினார்தோஸ் டிவியில் சொன்னது

எங்கள் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அதில் யாருக்கும் விலக்கு கிடையாது. பெரியவர் லினார்தோஸ் ஃப்ரேரிஸுக்கு இரண்டு மகன்கள். இரண்டு மருமகள்களும் ஒரே வருடம் பிள்ளை பெற்றார்கள், இரண்டும் ஆண். ஆக நாலு மாத இடைவெளியில் இரண்டு லினார்தோஸ் ஃப்ரேரிஸ். ஒருவனுக்காவது வேறு பெயர் வைத்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தன் அப்பா பெயரை எந்த மகன் விட்டுக்கொடுப்பான்? கிரீஸில் எங்கள் சிரோஸ் தீவில் இதற்காகவே பட்டப்பெயர்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடிக்கிறவன் கயிறு லினார்தோஸ். கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவன், ஆனால் வாயைத் திறந்தால் பாட்டு, அதனால் பாட்டு லினார்தோஸ். பாட்டைக் கட்டிக்கொண்டவள் நான், ரோசினா. கல்யாணப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள்.

நான் எழுத உட்கார்ந்தது என் புருஷனைப் பற்றி அல்ல, கயிறைப் பற்றி. பல வருடம் அவன் பெயரைக் கேட்டாலே என் முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும். இன்று அவனுக்காக உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் காலம் செய்த வேலை அல்ல, அவனே செய்த வேலை.

கயிறுக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, துறைமுகம் பிடித்தது. ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயுஸிலிருந்து வரும் கப்பல் வாலைத் திருப்பிக் கரைக்கு வரும்போது மேலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்து இரும்புக் குற்றியில் மாட்டுவான். கேப்டன் யாராக இருந்தாலும் ஒரு வசவு உண்டு. "டேய், மாடு ஓட்டுறியா கப்பல் ஓட்டுறியா?" என்பான். அவன் திட்டாத நாளில் கேப்டன்களுக்கே ஏதோ குறையாக இருக்குமாம். தினோஸ் தீவில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்தான். அவள் குடும்பத்தோடு மெல்போர்ன் போனாள், இவன் போகவில்லை. "நான் போனா கப்பலை யாரு கட்டுவா?" என்றானாம். துறைமுகக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகவே இருந்தான். காற்று எழும்பிக் கப்பலை நிறுத்திவிட்டால், மாட்டிக்கொண்ட பயணிகள் எல்லாரும் அந்த அறையில்தான் சாப்பிடுவார்கள். யார், எவர் என்று சாப்பாட்டுக்கு முன்னால் கேட்கக் கூடாது என்பது அவன் சட்டம்.

சண்டை வீட்டால் வந்தது. எங்கள் பக்கத்தில் தாத்தா பெயரை வாங்கினவனுக்குத் தாத்தா வீடு. மேல்நகரத்தில் படிக்கட்டுத் தெருவின் வளைவில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் முழுக்கத் தெரிகிற வீடு. பெரியவர் சாகும்போது இரண்டு பேரன்களும் கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, "வீடு லினார்தோஸுக்கு" என்றார். அவ்வளவுதான். எந்த லினார்தோஸுக்கு என்று சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். புண்ணியவான்.

அடக்கம் முடிந்த வாரமே கயிறு அந்தக் கதவில் ஒரு பூட்டு மாட்டினான். மறுநாள் என் புருஷன் இன்னொரு பூட்டு மாட்டினான். சாவி இரண்டு பேரிடமும் இருந்தது, வீடு ஒருவனுக்கும் இல்லை. நாங்கள் பேக்கரிக்கு மேலே ஓதம் காத்த இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தோம். அண்ணன் தம்பி மாதிரி ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தெரு அகலம் இரண்டு முழம்தான், திருப்பிக்கொள்வதும் சுலபமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் என் புருஷன் அந்த டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வானான். நாற்பத்தேழு வயதில். முதல் சுற்றில் பாதி வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பாடி, ஜெயித்து வந்தான். நேரலை ஒரு சனிக்கிழமை. அதற்கு முன்னால் ஊருக்கு வந்து அவன் வீடு, குடும்பம், வேலை எல்லாம் படம் பிடிக்க வேண்டும். தனாய் என்று ஒரு பெண் ஏதென்ஸிலிருந்து போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: அந்தப் படம் இல்லாமல் யாரையும் மேடை ஏற்ற மாட்டோம், அடுத்த வாரத்தில் இடமும் கிடையாது. இவனுக்கு இன்னொரு தடவை வாய்ப்பு வரப்போகிறதா என்ன? இதுதான் முதலும் கடைசியும்.

நேரலைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னவர்கள், பெரிய காற்று வருகிறது என்று கேள்விப்பட்டு முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார்கள். என் புருஷன், பட்டறையில் பழுது பார்த்த கப்பலொன்றின் வெள்ளோட்டத்துக்காக நடுக்கடலில். நான் தீவின் மறுபக்கம் பினிகாஸில் ஒரு மணப்பெண்ணின் தலையில் பூ சொருகிக்கொண்டிருந்தேன், போன் கைப்பையில் அடித்து ஓய்ந்திருக்கிறது. துறைமுகத்தில் இறங்கிய தனாய் எதிரே நின்ற ஆளிடம், "லினார்தோஸ் ஃப்ரேரிஸ் எங்க இருப்பாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"உன் முன்னாடிதான் இருக்கேன். முதல்ல சாப்பிடுங்க."

சாயங்காலம் நான் ஊர் திரும்பியபோது காப்பிக் கடை ஃப்ரங்கிஸ்கோஸ் என்னை வழிமறித்தான்.

"ரோசினா, படக்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்க."

"எங்க போனாங்க? நான் இல்லையே."

"கயிறுகிட்ட. அவனோட சாப்பிட்டாங்க, அவனோட மேல ஏறினாங்க, அவனோட இறங்கினாங்க. நாலரைக் கப்பல்ல போயிட்டாங்க."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. படி படியாகத் தாவித் துறைமுகத்துக்குப் போனேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பல வருடத்தில் முதல் தடவையாக அவனிடம் வாய் திறந்தேன்.

"என்ன சொல்லி அனுப்பினே?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன்."

"அவன் பாட்டுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியா? வீடு போதலையா உனக்கு?"

"காத்து ஏறுது ரோசினா, வீட்டுக்குப் போ" என்றான். அவ்வளவுதான் அவன் பதில். அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுத முடியாது.

ராஸ்கல் என்ன உளறினானோ என்று அந்த வாரம் முழுக்க அவனைச் சபித்துக்கொண்டே தலை பின்னினேன். தனாய்க்குப் போன் போட்டால், "படம் அருமையா வந்திருக்கு, சார் மட்டும் சனிக்கிழமை வந்தா போதும்" என்றாள். எங்கள் எதிரி நடித்த படம் எப்படி அருமையாக வரும்? என் புருஷன் தொண்டைக்குத் தேன் குடித்துக்கொண்டே, "விடு, அவன் எதைச் சொன்னாலும் நான் பாடத்தானே போறேன்" என்றான். தைரியம் வாயில் மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை மேல்நகரம் முழுக்க ஃப்ரங்கிஸ்கோஸ் கடை டிவிக்கு முன்னால். பெருஞ்சீரகக் கீரை வடை, தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, எல்லாம் மேசையில் இருந்தது. நான் எதையும் தொடவில்லை. நாலாவதாக, "சிரோஸிலிருந்து, லினார்தோஸ் ஃப்ரேரிஸ்" என்று அறிவிப்பாளர் சொன்னாள். திரையில் வந்தது கயிறு. பெரியவர் வீட்டுக் கதவுக்கு முன்னால், சட்டைப் பித்தான் மேலும் கீழுமாய்.

"பாட்டுக்காரன் நான் இல்லீங்க" என்றான். "பேரு ஒண்ணு, தொண்டை வேற. நான் பாடினா கப்பல் திரும்பிப் பிரேயுஸுக்கே போயிடும். இது அவனோட வீடு. தாத்தா சாகும்போது வீடு லினார்தோஸுக்குன்னு சொன்னாரு. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னோம். ஆனா சொல்லும்போது அவர் பார்த்தது அவனை. என்னை இல்ல. நேரா அவன் கண்ணையே பார்த்தாரு. எனக்கு அன்னிக்கே தெரியும். அப்புறமும் பூட்டு போட்டேன். இப்ப எடுக்கறேன்."

எடுத்தான். கேமரா முன்னால் தன் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கதவில் எங்கள் பூட்டு மட்டும் தொங்கியது. "இனி உள்ள போறதும் வெளிய போறதும் அவன் இஷ்டம்" என்றான். "பேரனுங்கள்ல யாரு தாத்தாவுக்கு ஒசத்தின்னா, பாடறவன்தான். அதுல எனக்கு வருத்தமில்ல."

படம் முடிந்து மேடையைக் காட்டினார்கள். என் புருஷன் கையில் மைக்கோடு குனிந்து நின்றான், தோள் குலுங்கியது. அரங்கத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு நடுவர் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "அழாதீங்க, மெதுவா ஆரம்பிங்க" என்றாள். கடையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிழவி மார்கரீத்தா மட்டும், "ஆனா லினார்தோஸ் தாத்தாவுக்குத்தான்..." என்று ஆரம்பித்தாள். ஃப்ரங்கிஸ்கோஸ் ஒரு லூக்குமி மிட்டாய்த் துண்டை அவள் வாயில் திணித்தான்.

என் புருஷன் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்கத்தான் குனிந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த தோள் அது. ஏனென்றால் பெரியவருக்குக் கடைசி மூன்று வருடம் கண் சுத்தமாகத் தெரியாது. கையைத் தடவிப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். அது சிரோஸில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். கிரீஸ் முழுக்க நம்பி அழுத பொய்யை எங்கள் ஊர் மொத்தமும் கேட்டது. இன்றுவரை ஒரு வாயும் திறக்கவில்லை.

அன்று அவன் பாடினதைப் போல அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பாட்டின் முதல் அடியை விட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தான். ஆனாலும் கூட்டம் எழுந்து நின்றது. போன் ஓட்டில் தோற்றான், கிரீட் என்ற பெரிய தீவிலிருந்து வந்த ஒரு பையனிடம். கிரீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட உட்கார்ந்தால் எங்கள் தீவு எம்மாத்திரம்?

திரும்பி வந்த கப்பலிலிருந்து அவன் இறங்கியபோது கயிறு குற்றியில் கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தான். என் புருஷன் நேராக அவனிடம் போனான்.

"டேய் எருமை. தாத்தாவுக்குக் கண்ணே தெரியாதேடா."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். டிவி பார்த்தவங்களுக்குத் தெரியுமா? இனிமே நீ அந்த வீட்டுல குடியேறலேன்னா உன்னைத்தான் ஏதோ தப்பு பண்ணினவன்னு பேசுவாங்க. நல்லா மாட்டிக்கிட்டே."

"அப்போ நீ?"

"எனக்கு இந்த ரூம் போதும். அங்க படி ஏற முடியல. முட்டி வலிக்குது."

முட்டியும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை. எனக்குத் தெரியாதா? அன்று அந்தத் துறைமுகத்தில், எத்தனையோ கேப்டன்கள் பார்க்க, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இல்லை. நன்றிக் கடனுக்கு வெட்கம் ஏது? அவன்தான் நெளிந்தான். "விடு விடு, கையில எண்ணெய்ப் பிசுக்கு" என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர் வீட்டில் எங்களோடு சாப்பிடுகிறான். உப்பு அதிகம் என்பான், தட்டைத் துடைத்து வைப்பான். கீழ் அறையை அவனுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறேன். இன்னும் குடிவரவில்லை. ஆனால் காற்றில் மாட்டிக்கொண்ட பயணிகளை இப்போது அங்கேதான் அனுப்புகிறான், சாப்பாடு என் தலையில். எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்: "அந்தச் சனிக்கிழமை நீ டிவி பார்க்கவே இல்லையே. அவ்வளவு பெரிய பொய் சொல்லிட்டு, அது எப்படி வந்ததுன்னு பார்க்கத் தோணலையா?"

"கொஞ்சம் கேட்டேன்" என்றான். "அப்போ கப்பலைக் கட்டிக்கிட்டு இருந்தேன். மேல ஹால்ல டிவி ஓடுது. 'லினார்தோஸ் ஃப்ரேரிஸ்'னு அந்தப் பொண்ணு சொன்னா பாரு, கப்பல்ல இருந்தவங்க எல்லாம் கைதட்டினாங்க." துண்டால் தட்டைத் துடைத்தான், துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். "எனக்கும் அதே பேருதானே ரோசினா. நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன்."