பன்னிரண்டு மணிக் கச்சேரி

சென்னையில் வருடாவருடம் மார்கழியில் நடக்கும் இசை விழாவில் பாட என் மனைவிக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொன்ன கடிதம், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. சாம்பார் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்க, அவள் வாசலில் நின்றபடியே அதைப் பிரித்துப் படித்தாள். மறுபடியும் ஒரு முறை படித்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "பன்னெண்டு மணி கச்சேரிங்க," என்றாள்.

பன்னிரண்டு மணிக் கச்சேரி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஆறு வருடமாக நாங்கள் அரியலூரில் ரயில் ஏறி, தாம்பரத்தில் என் சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் தங்கி, அந்த விழாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். மாலையில் பெரிய பாடகர்கள் பாடும்போது டிக்கெட் கிடைக்காது. மத்தியானத்துக்கு டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அது புதிதாகப் பாட வருகிறவர்களுக்கான நேரம். கூட்டமெல்லாம் கேன்டீனில் இருக்கும். அரங்கத்தில் பாடுகிறவரின் சொந்தக்காரர்கள்தான் இருப்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் ஆறு வருடமும் அவள் விண்ணப்பம் அனுப்பினாள்.

அவளுடைய அப்பா பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காடுகளில் கூலி வேலை பார்த்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்சிங்கில் சேரச் சொன்ன வீட்டில், மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து இசைப்பள்ளியில் சேர்ந்தாள் அவள். நான் பார்த்தபோது அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தாள். நான் சிமென்ட் ஆலையில் எடைமேடைப் பொறுப்பாளன். பகலெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சலில் இருந்துவிட்டு வருவேன். வீட்டுக்குள் நுழையும்போது அவள் பாடிக்கொண்டிருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு, முடியும்வரை அங்கேயே நிற்பேன். எனக்கு ராகம் தெரியாது. அவள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது என் மூச்சும் கூடவே ஏறி நிற்கும். அதுதான் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது, கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி மேலும் கீழும் போய் வந்ததைப் பார்த்தேன். திருச்சிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். தைராய்டு கட்டி, நல்லதா கெட்டதா என்று சோதனையில் தெளிவாகத் தெரியவில்லை, எடுத்துப் பார்ப்பதுதான் வழி என்றார் டாக்டர்.

"எடுத்தா குரலுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே, சார்?" என்று கேட்டாள் அவள்.

"பெரும்பாலும் ஆகாதும்மா. குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே இருக்கு, அதனால உறுதியா சொல்ல முடியாது."

"ரெண்டு மாசம் கழிச்சி எடுத்துக்கலாங்களா?"

அவர் யோசித்தார். "ரெண்டு மாசத்துல பெரிய வித்தியாசம் வராது. முடிவு நீங்கதான் எடுக்கணும்," என்றார்.

அவள் அங்கேயே முடிவு எடுத்துவிட்டாள். கச்சேரி முடிந்து தை பிறந்ததும் ஆபரேஷன். என்னால் அதை ஏற்க முடியவில்லை. என் அக்காவைக் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவன் நான். அறுவடை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டே அவள் போய்ச் சேர்ந்தாள். இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் வாதாடினேன். என் மனைவி கோபப்படவில்லை. "உங்க பயம் எனக்குத் தெரியுதுங்க. தை மாசம் பாத்துக்கலாம்," என்பதையே திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மகள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளை ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் அழைத்துப்போய், ஜூஸ் வாங்கிக் கொடுத்து, அம்மாவுக்கு என்ன வந்திருக்கலாம், அத்தைக்கு என்ன ஆனது என்று எல்லாம் சொன்னேன். "நீ சொன்னா அம்மா கேப்பா," என்றேன். பிள்ளை ஜூஸை அப்படியே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்குக் கச்சேரி வேணாம்மா, நீதான் வேணும்," என்று அழுதாள். என் மனைவி அவள் தலையைத் தடவியபடி என்னைப் பார்த்தாள். மறுநாள் காலை, "தேதி வாங்கிடுங்க," என்றாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவள் தண்ணீர் கேட்டாள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே எல்லோருக்கும் போன் போட்டேன். சிரித்துக்கொண்டே பேசினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்து, "நல்லதாப் போச்சு," என்றேன். அவள் அதை நிதானமாகப் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். பஸ் லால்குடி தாண்டும்போதுதான், அவள் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது எனக்கு உறைத்தது.

விழாக்காரர்களுக்கு நான்தான் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் அன்பாகவே பேசினார். காத்திருப்போர் பட்டியலில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார். இதை வீட்டில் சொன்னபோது, என் மனைவி கரகரத்த குரலில், "அன்னிக்கி நாம போவலாங்க," என்றாள்.

போனோம். கழுத்துத் தழும்பு தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். எண்ணிப் பார்த்தேன், எங்களோடு பதினொரு பேர். பாட வந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். தொடக்கத்தில் குரல் நடுங்கியது. என் மனைவி தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு இவள் முகத்தைப் பார்த்தே பாடினாள். மேல் ஸ்தாயிக்குப் போன ஒவ்வொரு முறையும் என் மனைவியின் தொண்டை அசைந்தது. நான் மேடையைப் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் என் மனைவி அந்தப் பெண்ணிடம் போய் ஏதோ சொன்னாள். கேன்டீன் பக்கத்துச் சத்தத்தில் அது கேட்கவில்லை. பெண் என்னைப் பார்த்து, "அம்மா என்ன சொல்றாங்க?" என்றாள். நான் குனிந்து கேட்டுச் சொன்னேன்: "மேல போறப்ப பயப்படாதீங்க, உங்களுக்கு இடம் இருக்குன்னு சொல்றாங்க." அந்தப் பெண் அவள் காலில் விழுந்தாள். என் மனைவி பதறிப்போய்த் தூக்கிவிட்டாள்.

திரும்பும் ரயிலில், விழுப்புரம் தாண்டியதும், "நான் அவசரப்பட்டுட்டேன்," என்றேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க பயந்தீங்க. அது எனக்குப் புரியுது. ஆனா பாப்பாவ கேக்க வச்சீங்க பாருங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்ககிட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. பேச்சுக் குரல் ஏறக்குறைய திரும்பிவிட்டது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. பள்ளியில் இன்னும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள்; மேலே போகும் இடத்தை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுகிறாள். வீட்டில் பாடுவதில்லை. மார்கழியில் இரண்டு நாள் சென்னைக்குப் போகிறோம். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கேட்டு நிற்பதை விட்டுவிட்டோம். மத்தியானத்துக்கு மட்டும் போய் முன்வரிசையில் உட்காருகிறோம்.

போன விடுமுறையில் கல்லூரியிலிருந்து வந்த மகள், பீரோவில் எதையோ தேடும்போது அந்தப் பழைய கடிதத்தைப் பார்த்திருக்கிறாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"அம்மா, நான் அழுததாலதான ஆபரேஷன அப்பவே பண்ண?"

"ச்சீ, இல்லடி. டாக்டர் தள்ளிப்போடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஒங்கப்பாவ வேணா கேளு."

மகள் வாசற்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா. டாக்டர்தான் சொன்னாரு," என்றேன்.