உறைந்துபோன முத்தடுப்பு மருந்து

பன்னிரண்டாவது குழந்தைக்கு மருந்தை உறிஞ்சும்போது ஊசி அடைத்துக்கொண்டது. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால்போலச் சீராக இருக்கவேண்டிய மருந்தில் வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், ஈப்போவிலிருந்து தோட்டங்களுக்குப் போய்த் தடுப்பூசி போடும் தாதி நான்; தோட்டத்தில் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள். அன்று ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையில் முப்பது தாய்மார்கள் வந்திருந்தார்கள். முதல் நாளே அனுப்பிய மருந்தைத் தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் ஆரோக்கியம் அண்ணன் அங்கிருந்த பிரிட்ஜில் வைத்திருந்தார்.

"அண்ணே, மருந்த எங்க வச்சீங்க?"

"மேல, ஐஸ் கட்டுற எடத்துல. சூட்டுல கெட்டுப்போயிரக் கூடாதுன்னுதான்."

கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், இசிவு நோய் மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு மருந்தை அலுமினிய உப்போடு சேர்த்துச் செய்வார்கள். மருந்து உப்பில் ஒட்டியிருந்து மெதுவாக இறங்கும். உடம்பில் எதிர்ப்பும் வலுவாக உண்டாகும். உறைந்தால் உப்பு திரண்டுவிடும். உருகினாலும் பழைய நிலைக்கு வராது.

என் பெட்டியில் உறையாத புட்டி ஒன்று இருந்தது. இரண்டையும் குலுக்கி மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன். குழந்தைகள் அழுதன. கால் மணி நேரத்தில் அவர் வைத்திருந்த புட்டியில் மேலே தண்ணீர்போலத் தெளிந்து, அடியில் வண்டல் படிந்தது. என்னுடையது கலங்கலாகவே இருந்தது.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸி, மீதிய வீசிரலாம். போட்ட பதினொண்ணப் பத்தி பேசாதீங்க. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுலா. மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"ஒண்ணும் ஆகாதுண்ணே. ஆனா கக்குவான் வந்தா தடுக்கவும் தடுக்காது."

எனக்கும் பயம்தான். முதல் புட்டியைத் திறக்குமுன் பார்த்திருக்கவேண்டியவள் நான். ரிப்போர்ட்டில் என் பெயரும் வரும். வெளியே, ஊசி போட்ட குழந்தைகளோடு தாய்மார்கள் கிளம்பத் தயாரானார்கள். போய் அவர்களை நிறுத்தினேன்.

"மருந்து உறைஞ்சு கெட்டுப்போச்சு. நான் கவனிக்காமப் போட்டுட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் போடணும்."

பால்மரம் வெட்டும் லெட்சுமி அக்கா குழந்தையின் தொடையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்ப இது சும்மா குத்துனதா மிஸ்ஸி?"

"ஆமாக்கா."

"மூத்தவன் கக்குவான்லதான் போனான். நீங்க சொல்லலன்னா இவளுக்குப் போட்டாச்சுன்னு நம்பிக்கிட்டே இருந்திருப்பேன்."

பதினொரு தடுப்பூசி அட்டைகளிலும், போட்டாயிற்று என்று வைத்த என் கையெழுத்தை நானே அடித்தேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணனுக்கு வேலை போகவில்லை. ஆனால் பல மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் மற்றவர்களோடு அந்தப் பதினொன்றில் பத்துக் குழந்தைகளும் வந்தன. பதினோராவது குடும்பம் ஜெலாப்பாங்குக்கு மாறிவிட்டது. முகவரி விசாரித்து, பஸ் பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

புதிய தாதிகளுக்கு நான் சொல்வது இதுதான்: புட்டியைப் பார்த்துவிட்டுத் திறங்கள். பார்க்காமல் போட்டுவிட்டால், அந்தத் தாய் வீடு போய்ச் சேருமுன் சொல்லிவிடுங்கள்.