அரசர் பிறந்தநாள் கேசரி

நீடாமங்கலத்தில் ரயில் நின்றதும் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதையேதான் செய்தார். ஏன் என்று கேட்டேன்.

“பழக்கமாயிருச்சுங்க. காத்து பலமா அடிச்சா எங்க தீவுக்குக் கப்பல் வராது.”

பிரிட்டனுக்குச் சொந்தமான குட்டித் தீவொன்றில் கவர்னர் வீட்டுச் சமையல்காரராம். உருண்டை முகம், மீசை முழுக்கச் சிரிப்பு.

“போன வருஷம் ராஜா பொறந்தநாள் கேக்குக்கு மாவு வந்து சேரலைங்க. கையில கும்பகோணத்து ரவைதான் இருந்துச்சு. கேசரி கிண்டி, கேக் தட்டுல கொட்டிட்டேன். வேலை போச்சுன்னே நெனச்சேன்.”

“கவர்னர் என்ன சொன்னாரு?”

“ஊரே எந்திரிச்சு நின்னு, கேசரியப் பாத்துக்கிட்டே ராஜாவை வாழ்த்திப் பாடுச்சு. அப்புறம் அவரு எறகு வச்ச தொப்பியோட வந்து வாளாலயே வெட்டுனாருங்க!”

தஞ்சாவூரில் இறங்கிப் போய்விட்டார். கல்யாணப் பந்தியில் இலையில் கேசரி விழும்போதெல்லாம் எனக்குத்தான் எழுந்து நிற்க வேண்டும் போலிருக்கிறது.