மெய்சி எந்த வீட்டில் தூங்குகிறாள்?

டோனா பேருந்து ஓட்டுகிறவள். இங்கிலாந்தில், யார்க்ஷையரின் அந்தப் பழைய ஆலை ஊரில், கால்வாய்க் கரையிலிருந்து மேட்டுத் தெரு வரைக்கும் ஏறி இறங்குகிற வண்டி அவளுடையது. உறைபனி, வழுக்கும் ரோடு, சனிக்கிழமைக் குடிகாரர்கள் என்று எதற்கும் அசரமாட்டாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஸ்டியரிங்கில் கை வியர்க்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். பள்ளி விடுகிற நேரத்தில், பாலத்துப் பள்ளி நிறுத்தம்.

செப்டம்பரில் ஒருநாள், பேருந்தின் மேல்தளத்தைக் காட்டும் சின்னத் திரையில் அவள் அதைப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பொடிப்பெண்ணின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டு, ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள் நான்கைந்து தடியன்கள். டோனா வண்டியை ஓரங்கட்டினாள், மேலே ஓடினாள், கத்தினாள். எல்லாரையும் இறக்கிவிட்டாள். இறங்கும்போது ஒருவன் திரும்பி, சிரித்த முகத்தோடு சொன்னான்:

"ஒனக்கும் ஒரு பொண்ணு இருக்கில்ல? அடுத்த வருஷம் எங்ககிட்டதான வருவா?"

அவ்வளவுதான். அந்தப் பேச்சு அப்புறம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

அவன் சொன்னதில் பொய் இல்லையே! மெய்சிக்குப் பத்து வயது, ஆரம்பப் பள்ளியில் கடைசி வகுப்பு. அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்குப் போயாக வேண்டும். நல்ல பேரெடுத்த மேட்டுப் பள்ளியில் இடம் கேட்டு யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். ஆனால் கிட்டத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்து முடிப்பதற்குள்ளேயே இடம் தீர்ந்துபோகும். கால்வாய்க் கரைப் பிள்ளைக்குப் பாலத்துப் பள்ளிதான் தலையெழுத்து. இந்த நியாயத்தை எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்தானோ தெரியாது. அவன் பிள்ளை நிச்சயம் மேட்டில்தான் படித்திருக்கும்.

மேட்டில் டோனாவுக்கும் ஒருவன் இருந்தான். முன்னாள் புருஷன் க்ளென். குழாய் வேலை செய்கிறவன், ஒழுங்கான மனுஷன்தான், கூட வாழத்தான் லாயக்கில்லை. ஷெரில் என்பவளோடு அவன் இருக்கும் வீட்டு ஜன்னலைத் திறந்தால் மேட்டுப் பள்ளியின் விளையாட்டுத் திடல். மெய்சி சனி ஞாயிறு அங்கே போய்வருவாள். மற்ற நாளெல்லாம் டோனாவோடு. டோனாவுக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு பெண்தான்.

"க்ளென் விலாசத்துல போட்டுடு," என்றாள் டிப்போவில் கூட வேலை பார்க்கும் பாலின், தேநீரை ஆற்றிக்கொண்டே.

"பொய்யில்லையா அது?"

"ஊர்ல பாதிப் பேர் சொல்ற பொய்தான். ஆனா ஜாக்கிரதை. பள்ளிக்கூட நாள்ல புள்ள எந்த வீட்ல தூங்குதோ அதுதான் அது வீடு, அப்படித்தான் இடம் ஒதுக்குற கவுன்சில்ல பாப்பாங்க. எங்க நாத்தனா தெருவுல ஒருத்தி மாட்டிக்கிட்டா. இடம் கிடைச்சு, சீருடை எல்லாம் தச்சாச்சு. செப்டம்பர்ல, பள்ளிக்கூடம் தொறக்கப்போற நேரத்துல, கிடையாதுன்னுட்டாங்க."

"ஐயையோ! எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"வீட்டுக்கே வருவாங்கடி. காலங்காத்தால. புள்ள எந்தக் கட்டில்லேர்ந்து எழுந்து வருதுன்னு பாக்க." பாலின் கோப்பையை வைத்துவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஒரு பள்ளிக்கூடத்துக்காகப் புள்ளையவே தூக்கிக் குடுத்துடுவ போலிருக்கே?"

"போடி, பைத்தியம். மார்ச்ல முடிவு வந்துடும். அதுவரைக்கும்தான்."

க்ளென் முதலில் முரண்டு பிடித்தான். "மாட்டிக்கிட்டா என் பேரு நாறும், டோனா," என்றான். ஷெரில்தான், "சின்னப் பொண்ணு, ஒரு ரூம் சும்மாதான கெடக்கு," என்று முடித்துவைத்தாள். அக்டோபர் கடைசியில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அனுப்பின கையோடு டோனாவைப் பயம் பிடித்துக்கொண்டது.

பொய்யாக இருந்தால்தானே மாட்டுவோம், நிஜமாக்கிவிட்டால்? இப்படி ஒரு கணக்குப் போட்டாள். பள்ளி நாளெல்லாம் மெய்சி அப்பா வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா வீட்டில் என்று ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். டாக்டரிடம் விலாசம் மாற்றினாள், நூலகத்தில் மாற்றினாள். பல் துலக்கும் பிரஷ் முதல் குளிர்கால கோட்டு வரை ஒவ்வொன்றாகப் பேருந்திலேயே ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனாள். முதல் வாரம் மெய்சி அழுதாள்.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா, அம்மா?"

"இல்லடா கண்ணு. உனக்காகத்தான். யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும்?"

"அப்பா வீட்லதான் இருக்கேன்."

"சமத்து. செப்டம்பர் வரைக்கும்கூட வந்து பாத்து இடத்தப் புடுங்கிடுவாங்களாம். இன்னொரு தடவை சொல்லு."

அப்புறம் வீட்டு அழைப்பு மணி அடித்தாலே நெஞ்சு திக்கென்றது. தபால்காரன் வந்தாலும் திக், காஸ் மீட்டர் பார்க்க வந்தாலும் திக். ஞாயிற்றுக்கிழமை மெய்சி வந்தால் திரையை இழுத்துவிடுவாள். எதிர்வீட்டுக்காரி, "எங்கம்மா, பொண்ணக் காணவே முடியலையே?" என்று கேட்டதற்கு, அவள் கவுன்சிலுக்கு ஆள்காட்டி என்று முடிவுகட்டி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அந்த மனுஷி மெய்சிக்காக ஒரு கம்பளிக் குல்லா பின்னி வைத்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு காலை. டோனாவுக்கு அன்று மத்தியான ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை வந்த மெய்சி நீச்சல் உடையை மறந்துவிட்டுப் போனதால் கொடுக்கப் போயிருந்தாள். க்ளென் வீட்டு அடுப்படியில் நின்று ஒரு வாய் தேநீர் குடித்திருப்பாள், வாசலில் மணி அடித்தது. ஷெரில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"கழுத்துல அட்டை தொங்குது. கவுன்சில்!"

பெற்ற பிள்ளையைப் பார்க்க அம்மா வருவதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. "நான்தான் அம்மா, துணி கொடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மாதக்கணக்காகப் பயந்து பயந்து வெந்துபோன மூளைக்கு அது எங்கே தோன்றும்? மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டாள் டோனா. அவ்வளவு பெரிய வண்டியை கொண்டை ஊசித் திருப்பத்தில் திருப்புகிறவள், தூசி உறிஞ்சும் மெஷினுக்கும் மழைக்கோட்டுகளுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வந்தவள் குரல் கனிவாக இருந்தது. கனிவான குரல்தான் ஆபத்து என்று டோனா கதவை இன்னும் இறுக்கி இழுத்துக்கொண்டாள். மாடிக்குப் போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். படியில் ஒவ்வொரு காலடியும் டோனாவின் தலைக்குமேல் விழுந்தது. பிறகு அலமாரிக்கு வெளியிலேயே நின்று அந்த அம்மாள் மெய்சியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"இங்க எல்லா நாளும் இருப்பியாடா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை மட்டும் அம்மா வீடு."

ஒப்பித்தது அப்படியே வந்தது. டோனா மூச்சு விட்டாள்.

"அம்மாகூட இருக்கணும்னு தோணாதா?"

இது ஒப்பிக்காத கேள்வி. கடவுளே, கெட்டது குடி!

"தோணும்," என்றாள் மெய்சி. "ஆனா அம்மா வீட்ல இருட்டுலயே எழுந்துக்கணும். அம்மா மொத பஸ்ஸு எடுக்கப் போயிடுவாங்க. என்னைப் பக்கத்து வீட்ல விட்டுடுவாங்க. அவங்க எல்லாரும் தூங்குவாங்க. நான் கோட்டு போட்டுக்கிட்டு சோஃபால உக்காந்திருப்பேன். சத்தம் போடக்கூடாது. இங்க வெளிச்சம் வந்தப்புறம் எழுந்தாப் போதும். ஷெரில் கஞ்சி வெச்சுத் தருவாங்க."

"நல்லதுடா," என்றாள் வந்தவள். ஏதோ குறித்துக்கொண்டாள், நன்றி சொன்னாள், போய்விட்டாள்.

டோனா வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை. க்ளென் விழுந்து விழுந்து சிரித்தான். "லண்டன்ல நாடக மேடை ஏறலாம்டி நீ!" என்றான். டோனாவும் சிரித்துக்கொண்டே மெய்சியைக் கட்டிக்கொண்டாள்.

"என் தங்கமே, பின்னிட்ட போ! அந்த சோஃபா கதையெல்லாம் நீயே சேத்ததா?"

மெய்சி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "கதை இல்லம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாடாவைக் கட்டி முடித்துவிட்டு நீச்சல் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

அன்றிலிருந்து டோனாவின் பயம் இரண்டாகப் பிரிந்தது. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்பது பழைய பயம். கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது புதுசு. எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் பெண்ணை வீட்டுக்கு இழுத்துவந்துவிடலாமா என்று ஒருநாள் தோன்றும். மத்தியானம் பாலத்துப் பள்ளி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினால் அந்த எண்ணம் செத்துப்போகும். சோஃபாவில் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண் கண்ணிலேயே நின்றாள். இத்தனை வருஷமாக அது ஒரு தடவைகூடத் தன் கண்ணில் படவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காலை ஷிஃப்டை மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை, கோடையில் பார்க்கலாம் என்றுவிட்டார் மேலாளர்.

மார்ச் முதல் தேதி க்ளென் போன் செய்தான். "கிடைச்சிடுச்சு! மேட்டுப் பள்ளி!" டோனா டிப்போவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பாலின் ஓடிவந்து, "கெடைக்கலையா?" என்று பதறினாள். கிடைத்துவிட்டது என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாயங்காலம் பெரிய பை ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். மெய்சி பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஷெரில் கேக் வெட்டியிருந்தாள்.

"முடிஞ்சுது, கண்ணு," என்றாள் டோனா. "இனிமே யாருக்கும் பயப்பட வேண்டாம். துணியெல்லாம் எடுத்து வெக்கலாமா? நம்ம வீட்டுக்குப் போலாம்."

மெய்சி பையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியமனுஷி மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, செப்டம்பர் வரைக்கும் கவுன்சில்லேர்ந்து வந்து பாப்பாங்கன்னு நீதான சொன்ன? இடத்தப் புடுங்கிடுவாங்கன்னு? எதுக்கும்மா வம்பு. நான் இங்கயே இருந்துக்கறேன்."

டோனாவுக்குப் புரிந்துவிட்டது. தன் மனம் நோகக்கூடாது என்று பத்து வயசுப் பிள்ளை பொய் சொல்கிறது. அப்படிப் பொய் சொல்லப் பழக்கியதும் யாராம்?

"அடச்சீ, அதெல்லாம் இனிமே ஒருத்தனும் வரமாட்டான்," என்றான் க்ளென், கேக்கை மென்றுகொண்டே. "அந்தம்மா வந்து பாத்துட்டுப் போயாச்சு, இடமும் குடுத்தாச்சு. அப்புறம் என்ன..."

மெய்சியின் விரல்கள் டோனாவின் கைக்குள் இறுகின.

"வருவாங்க, க்ளென்," என்றாள் டோனா. "உனக்குத் தெரியாது. செப்டம்பர் வரைக்கும் வருவாங்க. அவ இங்கயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, கொண்டுவந்த பையை நான்காக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஷெரில் நீட்டிய கேக்கை வாங்கி, நன்றாயிருக்கிறது என்று சொல்லி முழுதும் சாப்பிட்டாள்.