இழு, நில்லு

தெருவில் நட்ட கம்பம் மாதிரி நிற்கிறார் டிரைவிங் டீச்சர். கையிலிருக்கும் கயிறு விறைத்திருக்கிறது. மறுமுனையில் அவருடைய நாய், மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்துத் துடிக்கிறது. கயிறு தளரும்வரை டீச்சர் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார். பால் வாங்கக் கிளம்பியவர். பால்கடை கண்ணெதிரேதான் இருக்கிறது. பின்னால் வரும் கார் ஹாரன் அடித்தால், "கொஞ்சம் பொறுங்க, பாடம் நடக்குது" என்பார். காரை ஓட்டுபவரும் பெரும்பாலும் அவரிடம் கற்றவராகத்தான் இருப்பார். ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

எதையும் இழுத்தடிக்கும் என்பதால் நாய்க்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தவர் டீச்சரின் கணவர், அச்சகத்தில் பிழை திருத்துபவர். பெயர் வைத்த பாவமோ என்னவோ, அவரைத்தான் அது முதலில் சாய்த்தது. நாய் முன்னால் ஓடிச் சைக்கிளை இழுக்கும் பந்தயத்துக்காக டீச்சர் அதற்கு மாதக்கணக்கில் இழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். மேனேஜருக்குப் பந்தயப் பாதையும் பால்கடைத் தெருவும் ஒன்றுதான். பால் வாங்கக் கயிற்றைப் பிடித்துப் போன கணவர் குப்புற விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

"ஒண்ணு, அது மனுஷன் மாதிரி நடக்கணும். இல்ல, உன் தம்பி தோட்டத்துக்குப் போயிடணும்" என்றார், மாவுக்கட்டுப் போட்ட கையை நீட்டி.

பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் குழப்பிக்கொள்கிறவர்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் டீச்சர். மேனேஜருக்கும் இரண்டைப் பிரித்துவைத்தார். மார்பில் அகலப் பட்டை மாட்டினால் இழுக்கலாம். கழுத்தில் மெல்லிய பட்டை என்றால் கனவான் மாதிரி நடக்க வேண்டும். "நில்லு" என்றால், எந்தப் பட்டையானாலும், நின்றே ஆக வேண்டும். சரியாகச் செய்த மறுநொடி ஒரு துண்டு கோழி. "திட்டுறதெல்லாம் மனுஷங்களுக்குத்தான்" என்பார். மாணவர்களும் கணவரும் அதற்குச் சாட்சி.

கட்டுப் பிரித்த பிறகு, ஒரு மாலை கணவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். ஜன்னலோரம் டீச்சர், இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். பூனை குறுக்கே ஓடியது. "நில்லு" என்றார் கணவர், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மேனேஜர் நின்றது.

வீடு திரும்பியவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உன் தம்பிக்குக் குடுத்துவைக்கல."

பந்தயத்தன்று மேனேஜர் பறந்தது. டீச்சரின் சைக்கிள் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிக் கடைசி வளைவில் திரும்பியது. வேலியோரம் நின்ற கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. உணர்ச்சிவசப்பட்டால் அவருக்கு அச்சுத் தமிழ்தான் வரும்.

"நில்லாதே மேனேஜர்! நில்லாதே!"

சொல்லின் முதல் பாதி போதும் மேனேஜருக்கு. கல்லாய் நின்றது. டீச்சர் தலைகீழாகப் போகாமல் தப்பியது பிரேக் பிடித்துப் பழகிய கையால். பின்தங்கியவர்களில் இரண்டு பேர் கடந்து போனார்கள்.

"நான் ஓடுன்னுதானே சொன்னேன்..." என்று கணவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தார். கயிறு தளர்ந்திருந்தது; வால் ஆடிக்கொண்டிருந்தது; கண்கள் அவர் முகத்திலேயே இருந்தன. "இழு" என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் மூன்றாவது இடமாவது கிடைக்கும். டீச்சர் சைக்கிளைப் புல்லில் சாய்த்தார். மண்டியிட்டு, இடுப்புப் பைக்குள் துழாவி, பெரிய கோழித் துண்டாகப் பார்த்து எடுத்து நீட்டினார்.