மரவட்டை படுத்த இடம்

ஒரு நாளில் எத்தனை தடவை செத்தேன் என்று நான் எண்ணுவதில்லை. சாவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இன்னும் வெளிவராத வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, அதிலிருக்கும் தப்புகளைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுக்கும் வேலை. தப்புக்கு எங்கள் பாஷையில் பக் என்று பெயர். “விளையாடறதுக்குக் காசு குடுக்கறாங்களா, கொடுத்து வெச்சவ” என்பார்கள் சொந்தக்காரர்கள். ஒரே பாலத்தை மூன்று வாரம் தாண்டிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்தக் குளிர்காலத்தில் என் தலையில் கட்டப்பட்டது ஓர் உருளும் பிராணி. பழுப்பு நிறம், முதுகெல்லாம் ஓடு, அடியில் வரிசையாகக் கால்கள். நம்மைக் கண்டதும் சுருண்டு பந்தாகிக் கடகடவென்று உருண்டு வந்து மோதும். சரியான நொடியில் குதித்தால் பிழைத்தோம். இல்லையென்றால் மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும். குவெம்புநகர் வீட்டு முன்னறையில், கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை குதித்துக்கொண்டிருந்தேன்.

சொந்த ஊரான ஹனூரிலிருந்து வந்து என்னோடு இருக்கும் அம்மா ஒருநாள் பின்னால் நின்று பார்த்தாள்.

“மரவட்டையாட்டவே இருக்குதே. ஆனா அது பயந்தாத்தானே கண்ணு சுருளும்? இது எதுக்கு மேல வந்து உளுகுது?”

“வரைஞ்சவனைப் போய்க் கேளும்மா” என்று எரிந்து விழுந்தேன்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அன்று காலைதான் எங்கள் டீம் லீட் ஃபோன் செய்திருந்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், கன்னடம் கலந்த தமிழ் பேசுவான். “மேடம், ரெண்டு வாரமா உங்க ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல. மாசக் கடைசியில காண்ட்ராக்ட் முடியுது. உருப்படியா ஒரு பக் புடிச்சுக் குடுங்க, நான் மேல பேசறேன். இல்லேன்னா கஷ்டா மேடம்.” இந்த வயதில் இந்த வேலை போனால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். “இதைச் சித்த புடி கண்ணு, பால் பொங்குது” என்று பாத்திரத்தை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். திரையில் அந்தப் பிராணி உருண்டு வந்துகொண்டிருந்தது. என் ஆள் நின்றது ஒரு கல் வளைவுக்கு அடியில். போச்சு, திரும்ப முதலிலிருந்து என்று நினைத்தபடி கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டுப் பருப்பைப் பிதுக்கினேன்.

நிமிர்ந்தால் நான் சாகவில்லை. அது என் காலடியில் வந்து நின்றிருந்தது. மெல்லச் சுருள் பிரிந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு கால்களை மடக்கிக்கொண்டு பக்கத்திலேயே படுத்துவிட்டது.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஓரடி நகர்ந்தாலும் சுருண்டு வந்து கொன்றது. சும்மா நின்றால் படுத்துக்கொண்டது. மற்ற இடங்களில் சும்மா நின்றாலும் கொன்றது. அந்த வளைவுக்கு அடியில் மட்டும் இல்லை. என் வேலையைக் காப்பாற்றக்கூடிய பக் இதுதான். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

நாலு மணிக்குக் காபியை எடுத்துக்கொண்டு வளைவுக்கு அடியில் போய் நிற்பேன். நாள் முழுக்க என்னை எதுவும் செய்யச் சொல்லாத இடம் அது ஒன்றுதான். கிறுக்குத்தனம்தான், தெரியும். நாற்பத்தைந்து வயதில், ஒரு கம்ப்யூட்டர் பூச்சி பயமில்லாமல் பக்கத்தில் படுத்திருப்பதைப் பார்த்துக் கண் கலங்கினேன். “என்ன, உங்கூட்டாளி வந்தாச்சா?” என்று அம்மா கேலி செய்வாள்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது டீம் லீட் மறுபடி கூப்பிட்டான். “ஏனாதரூ சிக்கிதா, மேடம்?” ஏதாவது கிடைத்ததா என்று கன்னடத்தில் கேட்டான். அதட்டலாகக்கூட இல்லை, பாவமாகத்தான் கேட்டான்.

உட்கார்ந்து எழுதினேன். ஒன்று, வளைவுக்கு அடியில் போகவும். இரண்டு, பிராணி உருண்டு வரும்வரை காத்திருக்கவும். மூன்று, எதுவும் செய்ய வேண்டாம். நடப்பது: பிராணி படுத்துக்கொள்கிறது. நடக்க வேண்டியது: ஆட்டக்காரர் சாக வேண்டும்.

காண்ட்ராக்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு நீண்டது. “சூப்பர் மேடம்” என்றான் அவன். அம்மா பாயசம் வைத்தாள். நான் குடித்தேன், இனிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் திருத்திய ஆட்டம் வந்தது. சரியாகிவிட்டதா என்று தப்பைச் சொன்னவரே பார்த்து முடிக்க வேண்டும், அதுவும் பத்து முறை. வளைவுக்கு அடியில் போய்க் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். கடகடவென்று வந்தது. பத்து முறையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பத்து முறையும் செத்தேன். ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு இன்னொரு முறை போய் நின்றேன். அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை.