மீன் பார்க்காத டிரம்

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வீடு ராயபுரத்தில். வேலை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தீவில், டீச்சராக. தினமும் டோல்கேட்டில் பஸ் மாறி எண்ணூர் போய், அங்கிருந்து படகேறிப் போவேன். நாற்பது குடிசைகள், ஒரு கிணறு, மறுகோடியில் ஒரே அறையுள்ள ஓட்டுப் பள்ளிக்கூடம். தீவு மொத்தமே அவ்வளவுதான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற திமிர் வேறு. நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் காலரா எங்கெங்கோ சுற்றிவிட்டு எங்கள் கடலோரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் தீவில் இரண்டு பேர் போய்விட்டார்கள். சுகாதாரத் துறையினர் வந்து எல்லோருக்கும் ஊசி போட்டார்கள், கிணற்றை மூடினார்கள், படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அன்று பாடம் நடத்த வந்த நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ரொம்ப முடியாதவர்களை அவர்களே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். லேசாகக் கண்டிருந்த ஐந்து பேரை என் பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்துவிட்டு, காய்ச்சிய தண்ணீரும் உப்புப் போட்ட கஞ்சியும் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட யாரும் குடிக்கக் கூடாது என்றார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

குடிதண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை படகில் வரும். வருவதைப் பிடித்து வைக்கத்தான் ஏனமில்லை. செத்தவர்கள் வீட்டுப் பானைகளை உடைத்தாயிற்று. மற்ற வீடுகளில் இருந்ததோ ஒன்றும் இரண்டும்தான். அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது தீவின் ஒரு பழக்கம். துறைமுகத்துக்குப் போகிற கப்பல்களிலிருந்து விழுவது, எறிவது எல்லாம் அந்தக் கரையில் வந்து ஒதுங்கும். டின், பலகை, கயிறு, சாக்கு, பாட்டில், எது யாருக்குக் கிடைத்தாலும் சரி, படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த பூவரச மரத்தடியில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கழுவித் திரும்ப அங்கேயே வைப்பார்கள்.

காலரா வந்ததும் அந்தக் குவியல்தான் எங்களுக்கு ஆஸ்பத்திரி சாமான். பழைய பாய்மரத் துணியை நாலாக மடித்துத் தண்ணீர் வடிகட்டினோம். சதுர பிஸ்கட் டின்கள் நோயாளிகளுக்குப் பேசின் ஆயின. சாக்குகளைக் கிழித்துத் தைத்துப் பள்ளிக்கூடத்தில் மறைப்புக் கட்டினோம். தின்று போட்ட மட்டிச் சிப்பிகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெளிக்குப் போகும் ஒதுக்குப்புறங்களில் எல்லாம் கொட்டினோம். இத்தனையையும் முன்னால் நின்று செய்தவள் என் வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய புருஷன் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த ஐவரில் ஒருவர். இடுப்பில் கைக்குழந்தையோடு, காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை உட்கார மாட்டாள்.

அவர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கரை ஒதுங்கிய டின்னில் உடனே சோறோ தண்ணீரோ வைக்க மாட்டார்கள். முதலில் அதில் தண்ணீர் ஊற்றி, ஓடையில் பிடித்த மடவை மீன் குஞ்சு நாலைந்தை விட்டு ஒரு ராத்திரி வைப்பார்கள். விடிந்து பார்க்கும்போது குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தால்தான் அந்த டின் வீட்டுக்குள் போகும். “இது மீனு பாத்த டின்னா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

என் அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர்ப் படகுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன், ஏதாவது காலி டிரம் கிடைத்தால் அனுப்பு என்று. அவனும் ஒன்றை அனுப்பிவிட்டான். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் பெரிய தகர டிரம், மூடியோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்ச்சிய தண்ணீரை அதில் ஊற்றி மூடி வைத்தால், ஊருக்கே வேளாவேளைக்கு அளந்து கொடுக்கலாமே.

கரையில் வைத்து நானே தேய்த்தேன். மணல், சாம்பல், கொதிதண்ணீர் என்று மூன்று தடவை. டிரம்மின் மேல் கிழிந்தும் கிழியாமலும் அழுக்கேறி ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதையும் தண்ணீர் விட்டு ஊறவைத்து, சிப்பியால் சுரண்டி எறிந்தேன். டிரம் பளபளவென்று ஆகிவிட்டது. படகுத்துறைப் பக்கம் நான் தங்கியிருந்த குடிசை வாசலில் அதை வைத்து, மத்தியானத்துக்குள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பினோம்.

இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் வந்து மூடியைத் திறந்து முகர்ந்தாள். “இது மீனு பாக்கல டீச்சரம்மா. வாசனயும் ஒரு மாரி கீது” என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. “இது இன்னா கடல்ல மிதந்து வந்ததா? என் அண்ணன் அனுப்புனது, நான் கழுவுனது. காலரா நேரத்துல ஓடை மீனைக் கொண்டாந்து குடிதண்ணிகிட்ட வச்சா வெளங்கிடும்!” என்றேன். அவள் மூடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். புது டின்னுக்கு ஒரு வாடை இருக்கத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் டிரம்மிலிருந்து ஒரு தூக்கு நிறைய மொண்டு, பக்கத்துக் குடிசைப் பெண்ணிடம் கொடுத்து நோயாளிகளுக்கு அனுப்பினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே பாத்திரத்தோடு வந்துவிடும். அளந்து ஊற்ற அகப்பை எடுக்கப் குடிசைக்குப் பின்பக்கம் போனால், அங்கே அந்தக் கைக்குழந்தைக்காரி குந்தியிருக்கிறாள். எதிரே இரண்டு மண்சட்டிகள், இரண்டிலும் தண்ணீர், இரண்டிலும் மடவைக் குஞ்சுகள்! நான் வேண்டாம் என்றதை எனக்குத் தெரியாமல் முந்தின சாயங்காலமே செய்துவிட்டிருக்கிறாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒவ்வொரு சொட்டையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம், இவள் இரண்டு சட்டித் தண்ணீரைப் பாழாக்கிவிட்டாளே! என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசினேன். அறிவு கெட்டவளே என்றேன். கடைசியில், “உன் புருஷன் சாவணும்னுதான் இப்படிப் பண்றியா?” என்று கேட்டுவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் கேட்டேன், அதுதான் உண்மை.

அவள் முகம் ஒரு கணம் செத்துவிட்டது. பிறகு, “கத்தாத டீச்சரம்மா, குனிஞ்சு பாரு” என்றாள். அந்தத் தீவில் எல்லோருக்கும் ‘நீ’தான். மரியாதை அதில் குறையாது.

குனிந்தேன். ஒரு சட்டியில் ஐந்து குஞ்சுகளும் ஓடி ஓடி நீந்திக்கொண்டிருந்தன. இன்னொன்றில் ஐந்தும் வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன.

“இது பழைய பானைத் தண்ணி. இது உன் டிரம்முத் தண்ணி. ரெண்டும் ஒரே படகுல வந்து ஒரே அடுப்புல காஞ்சது. மீனும் ஒரே வலையில புடிச்சது” என்றாள்.

மாதாவே! “தூக்கு... பள்ளிக்கூடத்துக்கு...” என்று இரண்டு வார்த்தைதான் வெளியே வந்தது. அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். குழந்தையை அணைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். மணலில் கால் புதைகிறது. சேலை தடுக்குகிறது. ஐந்து உயிர், ஐந்து உயிர் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்தப் பத்து நிமிஷத் தூரம் அன்றைக்கு முடிவதாகவே இல்லை.

நான் வாசலை எட்டும்போது அவள் உள்ளே இருந்தாள். முதல் டம்ளர் அவள் புருஷனுக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது, கதவோரம் படுத்திருந்தவர் அவர் என்பதால். அவள் தட்டிவிட்ட டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருந்தது. “துப்புய்யா! துப்பு!” என்று அவர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் துப்பிவிட்டுத் திணறித் திணறிச் சொன்னார். “முழுங்கல மே... கசந்துச்சு... வாய்லயே வச்சிகினு இருந்தேன்.” மற்ற நால்வருக்கும் இன்னும் கொடுக்கவே ஆரம்பிக்கவில்லை. நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை என் மடியில் அழுதது. அதைச் சமாதானப்படுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் நிதானம் வந்ததும் எழுந்து, குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, டிரம்மைக் கழுவிய இடத்துக்குப் போனேன். ஈரச் சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினேன். நான் சுரண்டி எறிந்த காகிதம் துண்டு துண்டாக அகப்பட்டது. ஒரு துண்டில் சிவப்பு மையில் மண்டையோடும் குறுக்கே எலும்பும். இன்னொன்றில் விஷம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் பாதி. ஏதோ பூச்சிமருந்து வந்த டிரம். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது, காலி என்று பார்த்தான், அனுப்பிவிட்டான். அந்தத் தீவிலேயே ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்க்காமலேயே சுரண்டிப் போட்டவளும் நானேதான்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. நான் வந்து அளந்து கொடுக்கக் காத்திருந்ததால், நல்லவேளை, யாரும் மொள்ளவில்லை. பாத்திரத்தோடு வந்த பெண்கள், ஊர்த் தலைவர், எல்லோரும் டிரம்மைச் சுற்றி நின்று என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே சொல்லிவிடத்தான் திறந்தேன். என் பின்னாலேயே வந்திருந்த அவள் முந்திக்கொண்டாள்.

“டிரம்முல விஷம் கீது. டீச்சரம்மாதான் கண்டுபுடிச்சுது. மீனு வுட்டுப் பாருன்னு அதுதான் என்னாண்ட சொல்லிச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து பட்ட அதிர்ச்சி எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். ஊர்த் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். இல்லை, இவள்தான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அத்தனை நீள வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

ஆண்கள் அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டாத மேட்டில் பள்ளம் தோண்டிக் கொட்டி மூடினார்கள். டிரம்மை யாரும் மறுபடி எடுத்துவிடாதபடி கோடரியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டுப் புதைத்தார்கள். ஒரு உடைந்த பாட்டிலைக்கூட வீணாக்காத அந்த ஊரில் ஒரு பொருளை வேண்டுமென்றே பாழாக்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கூட்டம் கலைந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை பொங்கி வந்தது. “ஏன் அப்படிச் சொன்னே?” என்று கேட்டேன். அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள். “நெசத்தச் சொன்னா நாளைக்கு உன் பேச்ச எவ கேப்பா? தண்ணியக் காய்ச்ச மாட்டாளுங்க, பச்சத் தண்ணியக் குடிப்பாளுங்க. என் வூட்டுக்காரரு இன்னும் எயுந்து உக்காரல டீச்சரம்மா.”

மன்னித்துவிடு என்றேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “நீ கேட்ட கேள்விய நான் மறக்க மாட்டேன். அது வேற, இது வேற. வா, அடுப்பு அணைஞ்சிடும்” என்றாள்.

அதற்குப் பிறகு தீவில் ஒரு உயிரும் போகவில்லை. ஐந்து பேரும் எழுந்து நடந்தார்கள். அவள் புருஷனும் மறுபடி கடலுக்குப் போனார். படகு விட்டதும் வந்த அதிகாரிகளிடம் ஊர்த் தலைவர் என்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். நான் தடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் மாற்றலாகி வந்தபோது தீவே படகுத்துறைக்கு வந்து என்னை வழியனுப்பியது. அவளும் வந்தாள், கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள், அந்த டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

காலரா போன மறுநாளே நான் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, என் பெருமையைத் தவிர. இன்றும் யாராவது என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவளுக்குச் சேர வேண்டியதை நாற்பது குடும்பங்களுக்கு முன்னால் வாங்கிக்கொண்டு படகேறி வந்துவிட்டேனே என்று.